ரேமண்ட் பர்: மேசனுக்கு முன்னால் இருந்த பத்து ஆண்டுகள்

பழம்படப் பித்தன்

நடிகர் ரேமண்ட் பர் என்றால், நீதிமன்றத் தொடரின் வழக்குரைஞர் பெர்ரி மேசன். அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 1957 செப்டம்பர் முதல் 1966 மே வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஒன்பது பருவங்கள், 271 அத்தியாயங்கள் ஓடிய தொடரின் நாயகனுக்கு அப்படி ஒரு முத்திரை விழுவது இயல்புதான். ஆனால் அவரைப் பற்றிய எந்தக் குறிப்பை எடுத்தாலும், "தொடக்கத்தில் வில்லன் வேடங்களில் நடித்தார்" என்று ஒரே வரியில் பத்து ஆண்டுகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1917-ல் கனடாவின் நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்தபின் தாயோடு கலிபோர்னியாவின் வலேஹோவில் வளர்ந்தார். பாசடீனா பிளேஹவுஸ், பிராட்வே என்று நாடக மேடைகளில் அலைந்துவிட்டு, ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவின் ஒப்பந்தத்தில் திரைக்கு வந்தார். 1946-க்கும் 1957-க்கும் இடையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்கள். பெரும்பாலானவற்றில் அடியாள், கொலைகாரன், மிரட்டிப் பணம் பறிப்பவன்.

1948-ல் வந்த 'பிட்ஃபால்' படத்தைப் பாருங்கள். மேக்டொனால்ட் என்கிற தனியார் துப்பறிவாளன். லிசபெத் ஸ்காட் நடித்த பெண்ணின் மீது அவனுக்கு வெறி. அவள் ஆடை மாடலாக வேலை பார்க்கும் கடைக்கே வருகிறான். வாடிக்கையாளனாக உட்கார்ந்துகொண்டு, ஒவ்வோர் ஆடையாக அணிந்துவந்து காட்டச் சொல்கிறான். குரல் உயரவில்லை, கை நீளவில்லை. மரியாதைக்குக் குறைவாக ஒரு சொல் இல்லை. வேலையை விட முடியாத அந்தப் பெண் திரும்பித் திரும்பி நிற்க, அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் காட்சி. அதைப் பார்க்கும்போது உடம்பு கூசிப் போகிறது.

பெர்ரி மேசனாகச் சாட்சிக் கூண்டின் முன்னால் அவர் நிற்கும் விதம் இங்கே பழகியது என்பதுதான் என் கட்சி. எதிரில் இருப்பவர் தப்ப முடியாதபடி, அசையாமல், அவசரப்படாமல் பார்க்கும் அந்தப் பார்வை.

மதுரை வழக்குரைஞர்

ஐயா, நல்ல தொடக்கம். ஆனால் முழுவதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேக்டொனால்ட் பார்ப்பது வேட்டைப் பார்வை. மேசன் சாட்சியைக் கேட்கிறார், கவனமாகக் கேட்கிறார். குறுக்கு விசாரணையில் பாதி வேலை காதுக்குத்தான். சாட்சி சொல்லும் பதிலில் இருந்துதான் அடுத்த கேள்வி பிறக்க வேண்டும். தொலைக்காட்சி வழக்குரைஞர்களில் பெரும்பாலோர் தங்கள் கேள்விக்காகக் காத்திருப்பார்கள். பர் மட்டும் பதிலுக்காகக் காத்திருப்பார். மேசையில் உட்கார்ந்திருக்கும்போதுகூட, எதிர்த்தரப்பு விசாரணை நடக்கையில் அவர் முகத்தைக் கவனியுங்கள்.

தொழில் தெரிந்தவனாக இன்னொன்று. அந்தத் தொடரின் நீதிமன்றக் காட்சிகளில் பல, ஜூரி முன் நடக்கும் முழு விசாரணை அல்ல. வழக்கை மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பப் போதிய ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கும் முதல்நிலை விசாரணை. 1973-க்கு முன் நம் நாட்டில் கொலை வழக்கு செஷன்ஸுக்குப் போகுமுன் மாஜிஸ்திரேட் நடத்திய விசாரணையைப் போன்றது. பன்னிரண்டு ஜூரிகளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்பது தயாரிப்பாளர்களுக்கு ஒரு லாபம். நாடகத்துக்கும் அது லாபம்தான். ஜூரியைப் பார்த்துச் சொற்பொழிவு ஆற்ற இடமில்லை. சாட்சி, நீதிபதி, வழக்குரைஞர்கள் என்று எல்லாமே முகங்களுக்கு இடையில் நடக்கும். பர் போன்ற நடிகருக்கு அதைவிடத் தோதான களம் கிடையாது.

ஒளிப்பதிவு மாணவி

'ரியர் விண்டோ'வை இன்னும் யாரும் எடுக்கவில்லையே! 1954-ல் ஹிட்ச்காக் இயக்கியது. எங்கள் வகுப்பில் ஒரு வாரம் முழுக்க அந்தப் படத்தைத்தான் பார்த்தோம்.

கால் முறிந்து சக்கர நாற்காலியில் கிடக்கும் புகைப்படக்காரர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். முற்றத்துக்கு அப்பால் எதிர்வீட்டு ஜன்னலில், மனைவியைக் கொன்றுவிட்டதாக ஸ்டூவர்ட் சந்தேகிக்கும் விற்பனைப் பிரதிநிதி தோர்வால்ட், அதாவது பர். படத்தின் பெரும்பகுதியில் அவரைத் தூரத்திலிருந்துதான் பார்க்கிறோம். வசனம் ஏறக்குறைய இல்லை. மழை இரவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறார், வருகிறார், மீண்டும் போகிறார். கத்தியையும் ரம்பத்தையும் செய்தித்தாளில் சுற்றுகிறார். பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். இதையெல்லாம் முதுகாலும் தோளாலும் நடித்திருக்கிறார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. நரைத்த முடியும் கண்ணாடியுமாக முதிர்ந்த, களைத்த மனிதராக மாறியிருக்கிறார். அந்தத் தோற்றத்தில் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கின் சாயல் இருப்பதாகச் சொல்வார்கள்.

நாய் செத்துக் கிடக்கும் இரவில் எல்லா வீட்டாரும் ஜன்னலுக்கு ஓடி வருகிறார்கள். ஒரே ஒரு ஜன்னல் இருட்டு. அதற்குள் ஒரு சிகரெட் நெருப்பு மட்டும் கனன்று அடங்குகிறது. முகம் தெரியாமலேயே ஒரு மனிதனின் மனநிலை முழுவதும் நமக்குப் புரிந்துவிடுகிறது.

பிறகு அந்த மோதிரக் காட்சி. தோர்வால்டின் வீட்டுக்குள் புகுந்த, ஸ்டூவர்டின் காதலியான கிரேஸ் கெல்லி, முதுகுக்குப் பின்னால் விரலை ஆட்டி, அந்த மனைவியின் மோதிரத்தை ஸ்டூவர்டுக்குக் காட்டுகிறார். தோர்வால்ட் அந்த விரலைப் பார்க்கிறார். அது யாருக்குக் காட்டப்படுகிறது என்று யோசிக்கிறார். மெல்லத் தலையை உயர்த்தி நேராக லென்ஸைப் பார்க்கிறார். அதுவரை வேடிக்கை பார்த்த நாம் அந்தக் கணத்தில் அகப்பட்டுக்கொள்கிறோம்.

பழம்படப் பித்தன்

தோழி, அதற்கடுத்த காட்சியையும் சொல்லியிருக்கலாம். தோர்வால்ட் கடைசியில் ஸ்டூவர்டின் அறைக்கே வந்துவிடுகிறார். கதவருகே இருட்டில் நின்று, தன்னிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறார். பணமா, அது தன்னிடம் இல்லையே என்கிறார். கொலை செய்தவன் அவன். ஆனாலும் அந்தக் குரலில் இருக்கும் தவிப்பைக் கேட்டால் ஒரு நொடி அவன் பக்கம் மனம் சாய்ந்துவிடுகிறது. வேறு ஒருவர் நடித்திருந்தால் பாய்ந்து வந்து கழுத்தை நெரித்திருப்பார், வேலை முடிந்தது. பர் முதலில் கெஞ்சினார். பிளாஷ் பல்பு வெளிச்சத்தில் கண் கூசிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே தடுமாறி நடந்து வருவாரே, அதைப் பார்த்து அஞ்சுவதா இரங்குவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

குற்றவாளியின் உள்ளே இருக்கும் மனிதனை இப்படித் தேடிப் பழகியவர், பின்னாளில் குற்றம்சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வேடத்தில் அமர்ந்தபோது அந்தப் பரிவு பொய்யாகப் படவில்லை. வழக்குரைஞர் ஐயா, நீங்கள் சொன்ன அந்தக் 'கேட்டல்' இங்கிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

வாடகை நூலக வாசகி

நான் நாவல் பக்கத்திலிருந்து வருகிறேன். சென்னையின் வாடகை நூலகங்களில் எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் பெர்ரி மேசன் நாவல்களைத் தேடித் தேடிப் படித்த தலைமுறை நாங்கள். கார்ட்னரே வழக்குரைஞராக இருந்தவர். முதல் மேசன் நாவல் 1933-ல் வெளிவந்தது. வார்னர் பிரதர்ஸ் அந்த ஆண்டுகளிலேயே அவற்றைப் படமாக்கியது. மேசனைக் குடித்துக் கும்மாளமிடும் ஆளாக மாற்றிவிட்டார்கள் என்று கார்ட்னருக்கு ஒரே வருத்தம். அதனால்தான் தொலைக்காட்சிக்குக் கொடுக்கும்போது கட்டுப்பாட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். முன்னாள் நடிகை கெயில் பேட்ரிக் ஜாக்சன் நிர்வாகத் தயாரிப்பாளர். அந்தக் காலத்தில் ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது எவ்வளவு அபூர்வம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பர் முதலில் சோதனைக்கு அழைக்கப்பட்டது அரசுத் தரப்பு வழக்குரைஞர் ஹாமில்டன் பர்கர் வேடத்துக்கு. பின்னர்தான் மேசனாகவும் நடித்துக் காட்டினார். உடல் எடையைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தார். வில்லியம் ஹாப்பரும் மேசன் வேடத்துக்கு முயன்றவர்தான். அவருக்குத் துப்பறிவாளர் பால் டிரேக் கிடைத்தது.

அரசு வழக்குரைஞராக அவரை ஏன் நினைத்தார்கள்? 1951-ல் வந்த 'எ பிளேஸ் இன் த சன்'. மாண்ட்கோமரி கிளிஃப்டைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கும் வழக்குரைஞர் பர்தான். நீதிமன்றத்துக்குள்ளேயே ஒரு படகைக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். கேள்வி கேட்டுக்கொண்டே வந்தவர், துடுப்பை ஓங்கி அந்தப் படகின்மேல் அடிப்பார். பித்தன் சாரின் கட்சிக்கு இது வலு சேர்க்கும். மேசனுக்கு முன்பே நீதிமன்றத்தில் அவர் நின்றிருக்கிறார், எதிர்ப்பக்கத்தில்.

மெரினாக் காற்று

எல்லோரும் மேசனை வளர்ச்சி என்றே பேசுகிறீர்கள். எனக்கு அது ஓர் இழப்பாகவே தெரிகிறது. ஆண்டனி மான் இயக்கிய 'ரா டீல்' படத்தில் தாழ்வான கோணத்தில், ஜான் ஆல்டனின் இருட்டு ஒளிப்பதிவில், பர் திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறார். எரியும் உணவுத் தட்டை ஒரு பெண்ணின் முகத்தில் வீசுகிறார். அந்த ஆபத்து, அந்தக் கணிக்க முடியாத தன்மை எல்லாம் தொலைக்காட்சிக்கு வந்ததும் காணாமல் போய்விட்டது. அதே கோட்டு, அதே மேசை, அதே முடிவு. ஒவ்வொரு வாரமும் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒருவர் எழுந்து குற்றத்தை ஒப்புக்கொள்வார். ஒன்பது ஆண்டுகள்! அந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் திரையில் என்னவெல்லாம் செய்திருக்க முடியும்?

உழைப்பையும் பாருங்கள். விடியுமுன் மூன்றரை மணிக்கே எழுந்து வசனம் மனப்பாடம் செய்வார். வார நாட்களில் வீட்டுக்குப் போகாமல் ஸ்டுடியோ வளாகத்துக்குள்ளேயே தங்கிவிடுவார். 1962 இறுதியில் அறுவை சிகிச்சைக்காக அவர் மருத்துவமனையில் இருந்தபோது, பெட்டி டேவிஸ், மைக்கேல் ரென்னி, ஹியூ ஓ'பிரையன், வால்டர் பிட்ஜன் என்று நான்கு பேரைக் கொண்டுவந்து ஆளுக்கோர் அத்தியாயமாக ஒப்பேற்றினார்கள். ஒரு மனிதர் தூக்கிய சுமைக்கு நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.

பழம்படப் பித்தன்

இழப்பு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் 1957-ல் அவர் முன்னால் இருந்த வழிகள் என்னென்ன? அந்த உடம்புக்கும் அந்தக் குரலுக்கும் ஹாலிவுட் கொடுத்தது வில்லனை மட்டுமே. 'ஃபிலிம் நுவார்' எனப்படும் இருண்ட குற்றப் படங்களின் அலையும் ஓயத் தொடங்கிவிட்டது. நாயகனாக யாரும் அவரை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. வானொலியில்தான் முகம் குறுக்கே நிற்கவில்லை: 1956-ல் 'ஃபோர்ட் லாரமி' தொடரில் குதிரைப்படைத் தலைவர் லீ குவின்ஸாக நாயகனாகவே நடித்தார். அந்தக் குரலில் இருந்த பொறுப்பும் கண்ணியமும் மேசனுக்கு முன்னோட்டம். கேட்டுப் பாருங்கள், இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது.

'அதே முடிவு' என்கிறீர்கள். அதனால்தான் முடிவுக்குப் போகும் வழியை அவர் ஒவ்வொரு முறையும் நடிக்க வேண்டியிருந்தது. 1959-லும் 1961-லும் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது சும்மா அல்ல.

மதுரை வழக்குரைஞர்

காற்று நண்பரே, "எப்போதும் வெற்றி" என்பதும் முழு உண்மை அல்ல. 1963 அக்டோபரில் வந்த 'தி கேஸ் ஆஃப் த டெட்லி வெர்டிக்ட்' மேசனின் கட்சிக்காரர் குற்றவாளி என்ற தீர்ப்போடுதான் தொடங்குகிறது. அன்று பர் முகத்தில் தெரியும் அதிர்ச்சியை, தோற்ற வழக்கு கையில் இருக்கும் எந்த வழக்குரைஞரும் அடையாளம் கண்டுகொள்வார்.

2009-ல் சோனியா சோட்டோமேயர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்படுமுன் செனட் குழு அவரை விசாரித்தபோது, தன்னைச் சட்டத் துறைக்கு ஈர்த்ததில் பெர்ரி மேசனுக்குப் பங்கு உண்டு என்று சொன்னார். அவர் மனதில் நின்றது மேசன் அல்ல, தோற்றுப்போகும் அரசு வழக்குரைஞர். நிரபராதி விடுதலையாவதும் தன் வேலையின் வெற்றிதான் என்று அந்த வழக்குரைஞர் சொல்லும் ஒரு காட்சி.

அந்தத் தோற்கும் வழக்குரைஞராக நடித்த வில்லியம் டால்மன் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1960-ல் ஒரு விருந்தில் போலீஸ் சோதனை நடந்து டால்மன் கைதானார். அவர்மீதான வழக்கு தள்ளுபடியானது. ஆனாலும் தொலைக்காட்சி நிறுவனம் ஒழுக்க விதியைக் காட்டி அவரை நீக்கியது. பர் சும்மா இருக்கவில்லை. அவரை மீண்டும் சேர்க்கும்படி தொடர்ந்து வலியுறுத்தினார். ரசிகர்களும் கடிதங்களைக் குவித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் டால்மன் திரும்பிவிட்டார். 1968-ல் நுரையீரல் புற்றுநோயால் இறப்பதற்குச் சற்று முன் டால்மன் புகைபிடித்தலுக்கு எதிராக ஒரு விளம்பரப் படத்தில் தோன்றினார். பர்ரிடம் நீதிமன்றத்தில் தோற்றுக்கொண்டே இருந்ததை நினைவுகூர்ந்து, இப்போது நடத்தும் போராட்டத்தில் தோற்க விரும்பவில்லை என்று சொல்வார். என்னால் அதை ஒரு முறைக்கு மேல் பார்க்க முடியவில்லை.

டொரன்டோத் தமிழன்

கனடாவில் பிறந்தவர் என்பதால் இங்கே அவருக்குத் தனி மதிப்பு உண்டு. நான் அவரை முதன்முதலில் பார்த்தது 'காட்ஸில்லா'வில்!

1954-ல் இஷிரோ ஹோண்டா எடுத்த ஜப்பானியப் படத்தை அமெரிக்கர்கள் வாங்கி, வெட்டி, 1956-ல் வெளியிட்டார்கள். அதற்காகப் புதிதாக எடுக்கப்பட்ட காட்சிகளில் பர் ஸ்டீவ் மார்ட்டின் என்ற அமெரிக்க நிருபர். மூலப்படத்தில் நடித்த ஜப்பானிய நடிகர்களோடு அவர் பேசுவது போலக் காட்ட வேண்டும். அதனால் அதே மாதிரி உடை அணிந்த மாற்று ஆட்களை முதுகு காட்டி நிறுத்தி, இவர் முகத்தை மட்டும் படம் பிடித்தார்கள். எதிரில் மிருகமும் இல்லை, உண்மையான சக நடிகரும் இல்லை. அப்படியிருந்தும் அவர் ஒரு இடத்தில்கூட விளையாட்டாக நடிக்கவில்லை. எரியும் நகரத்தை ஜன்னலிலிருந்து பார்த்து ஒலிப்பதிவுக் கருவியில் செய்தி சொல்லும்போது, அணுகுண்டுக்குப் பின்னான ஒரு நாட்டின் துயரம் அந்தப் படத்தில் கொஞ்சமாவது மிஞ்சியது அவரால்தான்.

பின்னாளில் வந்த இன்னொரு காட்ஸில்லா படத்தின் அமெரிக்கப் பதிப்புக்காக 1985-ல் அவரை மறுபடி அழைத்தபோதும் அதே மரியாதையோடுதான் வந்து நடித்தார்.

ஒளிப்பதிவு மாணவி

ஒரு கேள்வி. அவரது சொந்த வாழ்க்கை பற்றி முரணான தகவல்கள் நிறைய இருக்கின்றன. மூன்று மனைவிகள், இறந்துபோன மகன் என்றெல்லாம் பழைய பத்திரிகைகளில் வருகிறது. எது உண்மை?

வாடகை நூலக வாசகி

தங்கையே, ஆதாரம் உள்ள திருமணம் ஒன்றுதான். 1948-ல் நடந்து, சில ஆண்டுகளில் மணவிலக்கில் முடிந்தது. மற்ற இரு மனைவிகளும், இரத்தப் புற்றுநோயில் இறந்ததாகச் சொன்ன மகனும் அவரே உருவாக்கிய கதைகள் என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். ஒரு மனைவி, நடிகர் லெஸ்லி ஹோவர்ட் பயணம் செய்து 1943-ல் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானத்தில் இறந்ததாகக்கூடச் சொல்லியிருந்தார்.

அவர் தன்பால் ஈர்ப்பாளர். மேசன் தொடரின் படப்பிடிப்பில் சந்தித்த ஒருவரோடு முப்பதாண்டுக்கும் மேலாக, இறக்கும்வரை சேர்ந்து வாழ்ந்தார். இருவரும் ஆர்க்கிட் மலர்களை வளர்த்து ஏராளமான கலப்பினங்களை உருவாக்கினார்கள். ஒன்றுக்கு, தொடரில் மேசனின் செயலாளர் டெல்லா ஸ்ட்ரீட்டாக நடித்த பார்பரா ஹேலின் பெயரைச் சூட்டினார். ஃபிஜியில் நைதாம்பா என்ற தீவையே வாங்கிச் சில காலம் வைத்திருந்தார்.

பொய் சொன்னார் என்று அவரைக் குறை சொல்பவர்களிடம் எனக்குக் கோபம்தான் வரும். அந்தக் காலத்தில் அந்த உண்மை வெளியே வந்திருந்தால் மறுநாளே தொடர் நின்றிருக்கும். டால்மனுக்கு நடந்ததைத்தான் மேலே படித்தோமே. வழக்கு தள்ளுபடியாகியும் வேலை போனது. அதை அருகிலிருந்து பார்த்த பர்ருக்கு, தன் கதி என்னவாகும் என்பது தெரியாமலா இருந்திருக்கும்? அவ்வளவு தெரிந்தும் டால்மனுக்காகக் குரல் கொடுத்தார். அந்தத் துணிச்சலை யாரும் எழுதுவதில்லை.

மெரினாக் காற்று

அம்மா, இந்தக் கோணத்தை நான் யோசித்துப் பார்த்ததில்லை. நன்றி.

மேசன் முடிந்து ஓராண்டுக்குள் அவர் எடுத்த அடுத்த வேடம் 'அயர்ன்சைட்'. 1967 முதல் 1975 வரை என்.பி.சி.யில். துப்பாக்கிச் சூட்டில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்தபடி வழக்குகளைத் துப்பறியும் சான்பிரான்சிஸ்கோ காவல் அதிகாரி. நாயகனாக அப்படி ஒருவரைத் தொலைக்காட்சி எட்டுப் பருவங்கள் காட்டியது அன்று பெரிய விஷயம். என் கண்ணுக்கு மேசனைவிட இதில்தான் பழைய பர் தெரிகிறார். எரிந்து விழுகிறார், பிடிவாதம் பிடிக்கிறார், யாரும் பரிதாபப்படுவதை அனுமதிக்க மறுக்கிறார். உங்கள் 'பிட்ஃபால்' ஆளின் முரட்டுத்தனம் நல்லவர் பக்கம் வந்து சேர்ந்த மாதிரி இருக்கிறது. இந்த அளவுக்கு உங்கள் கட்சியோடு சேர்ந்துகொள்கிறேன், பித்தன்.

பழம்படப் பித்தன்

அது போதும் எனக்கு!

1985 டிசம்பரில் மேசன் திரும்பி வந்ததையும் சொல்லிவிடுகிறேன். கொலைக் குற்றம் சாட்டப்படுவது டெல்லா ஸ்ட்ரீட். மேல்முறையீட்டு நீதிபதியாகிவிட்ட மேசன் அவருக்காகப் பதவியை உதறிவிட்டு வாதாட வருகிறார். பார்பரா ஹேல் மீண்டும் நடித்தார். அவர் மகன் வில்லியம் கேட் பால் டிரேக்கின் மகனாக நடித்தார். ஒரே படம் என்று தொடங்கியது, பர் நடித்த 26 படங்கள் வரை நீண்டது. பிற்காலப் படங்களில் உடல் நலிந்துவிட்டது. தடியை ஊன்றியோ எதன்மீதாவது சாய்ந்தோதான் நிற்கிறார். ஆனால் கேள்வி கேட்கத் தொடங்கியதும் குரலில் தளர்ச்சி இல்லை. 1993 செப்டம்பர் 12 அன்று, கலிபோர்னியாவின் சோனோமா பகுதியிலிருந்த தன் பண்ணையில் புற்றுநோயால் காலமானார். கடைசி மேசன் படம் அந்த நவம்பரில்தான் ஒளிபரப்பானது.

ஒளிப்பதிவு மாணவி

நான் பார்த்தது 'ரியர் விண்டோ' மட்டும்தான். மற்றவற்றை எந்த வரிசையில் பார்க்கலாம்?

பழம்படப் பித்தன்

முதலில் 'பிட்ஃபால்', உடனே 'ரா டீல்'. இரண்டும் 1948. ஆல்டனின் ஒளிக்காகவே உங்களுக்கு 'ரா டீல்' இரண்டு முறை தேவைப்படும். பிறகு 'எ பிளேஸ் இன் த சன்' படத்தின் நீதிமன்றப் பகுதி. அதைப் பார்த்த கையோடு மேசன் தொடரின் முதல் பருவத்துக்குப் போங்கள். கறுப்பு வெள்ளையில்தான் இருக்கும். 1966-ல் வந்த ஒரே ஓர் அத்தியாயம் தவிர முழுத் தொடரும் அப்படித்தான். கடைசி அத்தியாயத்தைத் தவறவிடாதீர்கள். கதை ஒரு தொலைக்காட்சி ஸ்டுடியோவில் நடக்கிறது. தொடரின் படப்பிடிப்புக் குழுவினர் பலர் திரையில் வருகிறார்கள். நீதிபதியாக உட்கார்ந்திருப்பவர் எர்ல் ஸ்டான்லி கார்ட்னர்.